கைத்திறனுக்கு ஒரு காகிதம்



வட பேராக்கில் உள்ள நம்மவர்க்குப் பாரிட் புந்தார் பட்டணத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிரியான் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. பாலத்தைக் கடந்தால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால்; பக்கத்திலேயே கெடா மாநிலத்துப் பண்டார் பாரு. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல். மறுபக்கம் ஒரு காலத்தில் கரும்பும், பிறகு ரப்பரும், இன்று செம்பனையும் நிற்கின்ற தோட்டங்கள்.

அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். செம்பனை ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொதிகலன் அருகில் நின்று வேலை செய்தவர். அடுப்பின் ஓசையைக் கேட்டே உள்ளே அழுத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். ஆலை மூடப்பட்டபோது வேறோர் ஆலைக்கு வேலை தேடிப் போனார். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயா, சர்ட்டிபிகேட் இருக்கிறதா?" பெரியவரிடம் காட்டுவதற்கு இருந்தவை அவருடைய இரண்டு கைகள் மட்டுமே. அந்த ஆலையில் அவருக்குக் கிடைத்தது குலை இறக்கும் வேலை.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். ஆனால் வேலை கேட்கும் இடத்தில் கண்ணாடி தேவைப்படுகிறது. அந்தக் கண்ணாடிதான் சான்றிதழ். சரி, ஒருவருக்குத் தொழில் தெரியும் என்று சான்று கொடுக்க யாருக்கு உரிமை? அப்படிச் சான்று கொடுப்பவரை நம்பலாம் என்று சொல்வது யார்? பயிற்சி கொடுக்கும் நிலையத்துக்கே ஒரு பரீட்சை வேண்டும் அல்லவா? அந்தப் பரீட்சை நம் நாட்டில் எப்படி வந்தது, அதனால் தோட்டத்துக் குடும்பங்களுக்கு என்ன பயன் என்பதே இன்றைய உரையின் பொருள்.

இந்த எண்ணம் நமக்குப் புதியதன்று. தங்கத்தை விற்பவரே அதன் மாற்றையும் சொன்னால் வாங்குகிறவர் நம்பமாட்டார். அதனால்தான் உரைகல் வந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களில் இருப்பவர்க்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை வயது வேண்டும், கணக்குக் காட்டாதவரை எப்படி விலக்குவது என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்பதுபோல், பொன்னின் தரத்தைக் கவனிக்கப் பொன் வாரியம் என்றும் ஒன்று இருந்தது. பொருளைச் சோதிப்பவர் வேறு, விற்பவர் வேறு; சோதிப்பவர்க்கும் ஒரு தகுதி வேண்டும் என்ற நியாயம் அன்றே இருந்தது.

இனி நம் கிரியானுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்திறங்கினார்கள். அந்த ஒப்பந்தம் ஒரு காகிதம். கைநாட்டு வைத்த அந்தக் காகிதத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போனால் தண்டனை உண்டு. 1910-ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறை ஓங்கியது. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும் கங்காணிக்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தது. அந்த லைசென்ஸ் இல்லாமல் அவர் ஆள் சேர்க்க முடியாது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இதைச் சற்றுக் கவனியுங்கள். ஆள் சேர்ப்பவருக்கு ஒரு காகிதம் இருந்தது. வேலைக்கு வந்தவர் பெயர் செக்ரோலில் இருந்தது. எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டன. ஆனால் அவருக்கு என்ன தொழில் தெரியும் என்று எழுதிய காகிதம் ஒன்றும் இல்லை. பால்மரம் வெட்டுவது இலேசான வேலையா? பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது. மேலோட்டமாகப் போனால் பால் வராது. விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுணுக்கம் தவறாமல் செய்தவர்கள் நம் தாய்மார்களும் தந்தைமார்களும். அந்தத் திறனுக்குக் கூலி உண்டு, பெயர் இல்லை. அதே தோட்டத்தில் நிர்வாகம் செய்த துரைமார்கள் 1919-ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென ஒரு தோட்டக்காரர் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அந்தச் சங்கம் தோட்ட நிர்வாகத்துக்கெனத் தேர்வுகளையும் நடத்தியது.

தோட்டத்தில் உழைப்பவரின் திறனுக்கு அரசாங்கம் முதன்முதலில் சான்று கேட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நீராவிக்குத்தான். ஈய லம்பங்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் நீராவி எந்திரங்கள் வந்தன. கொதிகலன் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் யாரும் தப்ப முடியாது. ஆகவே 1892-இல் சிலாங்கூரிலும், 1903-இல் பேராக்கிலும் கொதிகலன் சட்டங்கள் வந்தன. 1913-இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு எந்திரச் சட்டம் வந்தது. 1953-இல் மலாயா முழுமைக்குமான எந்திரச் சட்டமும், அதன்பின் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, எந்திரச் சட்டமும் பிறந்தன. இந்தக் கடைசிச் சட்டம் 1970-இல் அமுலுக்கு வந்தது. கொதிகலனுக்குப் பொறுப்பாக இருப்பவர் அரசாங்கப் பரீட்சையில் தேறிய எஞ்சின் டிரைவராக இருக்க வேண்டும். அவருக்கு முதல் தரம், இரண்டாம் தரம் என்று சான்றிதழ் உண்டு. இந்தச் சட்டம் 2024-இல் விலக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எல்லாம் கொண்டுவரப்பட்டன. ஆயினும் தகுதி பெற்றவர் கையில்தான் கொதிகலன் இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. நான் முதலில் சொன்ன பெரியவர், இந்தச் சான்றிதழ் பெற்ற டிரைவருக்குத் துணையாளாகவே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டவர்.

அடுத்து நம் டிரெஸ்ஸரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலானாலும் பாம்புக்கடியானாலும் முதலில் ஓடுவது தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டர் எப்போதாவது வருவார். அன்றாடம் ஊசி போட்டு, மருந்து கலந்து கொடுத்து, பிள்ளைப்பேற்றுக்கு ஏற்பாடு செய்தவர் டிரெஸ்ஸர். அவரை நம்பி நூற்றுக்கணக்கான உயிர்கள் இருந்தன. 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தோட்டத்தில் அந்த வேலையைச் செய்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. உயிருக்கு ஆபத்து உள்ள இடங்களில்தான் சான்றிதழ் முதலில் வருகிறது என்பதை இந்த இரண்டு உதாரணங்களும் காட்டுகின்றன.

பிள்ளைகளின் படிப்புக்கு இந்தக் கவனம் அவ்வளவு விரைவில் கிடைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் கற்பிப்பவர் யார்? பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்னார். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகளுக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. கட்டடம் இருப்பதால் மட்டும் கல்வி வந்துவிடாது என்று அந்தக் காலம் நமக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. இன்று பயிற்சி நிலையங்களைத் தேடும்போதும் அந்தப் பாடம் நினைவில் இருக்கட்டும்.

காகிதத்தின் விலையை நம் சமூகம் மிகக் கசப்பாக உணர்ந்தது 1969-க்குப் பிறகு. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது கடுமையாக அமுலாக்கப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டப் பாட்டாளிகள் திகைத்து நின்றார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்பது வரலாறு. பல வீடுகளில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்ற பழமொழியின் பொருள் அன்று லயத்துக்கு லயம் விளங்கிற்று.

அந்தச் சூழலில்தான், 1971-ஆம் ஆண்டு மே மாதத்தில், தொழில் பயிற்சிக்கும் கைத்தொழில் சான்றிதழுக்குமான தேசிய வாரியம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே 1964-இல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தது. ஈப்போவில் 1969-இல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் வந்தது. ஆனால் ஓர் இடத்தில் கற்ற வெல்டரும் மற்றோர் இடத்தில் கற்ற வெல்டரும் ஒரே தரமா என்று அளந்து சொல்ல ஒரு பொது அளவுகோல் வேண்டியிருந்தது. அதைத்தான் வாரியம் செய்யத் தொடங்கியது. தொழில்களுக்குத் தரம் வகுத்து, அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகளில் பரீட்சை நடத்திச் சான்றிதழ் கொடுத்தது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கின. விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி ஆற்றைக் கடந்து போன நம் தங்கைமார்கள் பலரை நீங்கள் அறிவீர்கள். அங்கே பொருத்தும் வேலை எவர்க்கும் கிடைத்தது. எந்திரம் பழுது பார்க்கும் வேலை சான்றிதழ் உள்ளவர்க்குக் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் பெரிது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். இலண்டனில் 1878-இல் நகரக் கைவினைச் சங்கங்கள் கூடித் தொழிற்கல்விக்கென ஒரு கழகம் அமைத்தன. அதன் சான்றிதழ் மலாயா உட்படப் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளிலெல்லாம் மதிக்கப்பட்டது. இந்தியாவில் 1956-இல் தொழிற்பயிற்சிக்கான தேசிய மன்றம் ஏற்பட்டது. இலங்கையில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்வி ஆணையத்தை உண்டாக்கிற்று.

அமெரிக்காவில் எழுந்த பிரச்சினை சற்று வேறு விதமானது. பட்டம் வாங்கி வேலையில் அமர்ந்த பிறகும் பொறியியலாளரும் தாதியும் ஆசிரியரும் புதிது புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேர வகுப்பு, பத்து மணி நேர வகுப்பு என்று எத்தனையோ அமைப்புகள் நடத்தின. அவற்றை எப்படிக் கணக்கெடுப்பது? பலசரக்குக் கடையில் படி, உழக்கு இருப்பதுபோல் கற்றலுக்கும் ஓர் அளவு வேண்டுமே! 1968-இல் பல அமைப்புகள் கூடிப் பேசின. பொறுப்புள்ள ஓர் அமைப்பு, தகுதியுள்ள ஆசிரியரைக் கொண்டு, திட்டமிட்டு நடத்தும் பத்து மணி நேரப் பயிற்சி ஓர் அலகு என்று 1970-ஆம் ஆண்டளவில் முடிவாயிற்று. ஆனால் அளவு ஒன்று ஏற்பட்டவுடன், கள்ளப்படி வைத்து அளப்பவர்களும் வந்துவிடுவார்கள் அல்லவா? ஆகவே 1977-இல் இதற்கென ஒரு மன்றம் அமைந்தது. பிற்காலத்தில் அந்த மன்றம், எந்த நிலையம் இந்த அலகுகளைக் கொடுக்கத் தகுதியுள்ளது என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கும் பணியையும் மேற்கொண்டது. முதலில் அளவு, பிறகு அளப்பவருக்குச் சோதனை. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் அதே வரிசைதான் நடந்தது. 1989-இல் முன் சொன்ன வாரியம் தேசியத் தொழிற்பயிற்சி மன்றமாக மாறியது. 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட புதிய முறை வந்தது. முதல் மூன்று படிகளுக்கு மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். நான்காம் படி டிப்ளோமா. ஐந்தாம் படி உயர் டிப்ளோமா. ஒவ்வொரு தொழிலிலும், ஒவ்வொரு படியிலும், ஒருவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தந்தத் தொழிலில் ஊறியவர்களைக் கூட்டிவைத்துத் தரவரைவாக எழுதினார்கள்.

இதில் முக்கியமான மாற்றம் என்னவென்றால், அரசாங்கமே எல்லாரையும் பரீட்சைக்கு உட்கார வைப்பதற்குப் பதிலாக, பயிற்சி நிலையங்களைச் சோதித்து, தகுதியுள்ள நிலையத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் முறை வந்தது. சோதிக்க வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? எழுதப்பட்ட தரவரைவுப்படி பாடம் இருக்கிறதா, இத்தனை மாணவருக்கு இத்தனை கருவி என்ற கணக்குச் சரியா, சொல்லிக் கொடுப்பவர் அந்தத் தொழிலில் தகுதி பெற்றவரா, பயிற்சிப் பதிவேடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நிலையத்தில் மாணவரை மதிப்பிடுபவர் ஒருவர். அவருடைய மதிப்பீட்டைச் சரிபார்ப்பவர் இன்னொருவர். இவர்கள் இருவரும் செய்ததை வெளியிலிருந்து வந்து உறுதி செய்பவர் மூன்றாமவர். பொன் வாரியத்தின் நியாயம் இங்கேயும் இருப்பதைக் கவனித்தீர்களா? விற்பவரே மாற்றுச் சொல்லக் கூடாது.

2006-ஆம் ஆண்டில் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதுவரை நடைமுறையாக இருந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. மன்றம் தொழில்திறன் மேம்பாட்டு இலாகாவாக ஆயிற்று, ஜே.பி.கே. என்பது அதன் சுருக்கப் பெயர்.

கல்லூரிகளின் பக்கமும் பார்ப்போம். தனியார் கல்லூரிகள் பெருகிய காலத்தில், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தேசிய அங்கீகார வாரியம் பிறந்தது. 2007-இல் அதன் இடத்தில் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் வந்தது, எம்.கியூ.ஏ. என்று சொல்லுகிறோமே, அதுதான். இங்கே கற்றலை அளக்கும் படிக்குக் கிரெடிட் என்று பெயர். நாற்பது மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். வகுப்பில் உட்காருவது மட்டுமல்லாமல், வீட்டில் படிப்பது, பட்டறையில் செய்து பழகுவது எல்லாம் சேர்த்தே நாற்பது மணி. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120. கிரெடிட்டால் என்ன நன்மை? குடும்பக் கஷ்டத்தால் ஒரு பிள்ளை படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்தாலும், தேறிய பாடங்களின் கிரெடிட் அவன் பெயரில் இருக்கிறது. மறுபடி சேரும்போது புதிய நிலையம் அதை ஏற்றுக்கொள்ள வழி உண்டு. ஆனால் அந்தக் கிரெடிட் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் பெற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது செல்லாக்காசு.

செல்லாக்காசு என்றேன். அதன் வேதனையை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நாங்கள் இருந்த லயத்தில் பக்கத்து வீட்டு அம்மாள், மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கத் தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்தார். பட்டணத்துக் கடைமாடியில் நடந்த நிலையம் அது; பெயர் வேண்டாம். சுவரில் பெரிய பெரிய படங்கள், வாசலில் வெளிநாட்டுக் கொடி. ஒன்றரை ஆண்டுக்குப் பின் பையனுக்குப் பளபளப்பான சான்றிதழ் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அரசாங்க வேலைக்கு மனுப் போட்டான், ஏற்கவில்லை. மேற்படிப்புக்குப் போனான்; கிரெடிட் ஒன்றும் இல்லை என்றார்கள். பையன் மக்குப் பையனல்ல, உழைத்துத்தான் படித்தான். நிலையத்துக்கே அங்கீகாரம் இல்லை என்பதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. நகை மீளவில்லை. அந்த அம்மாள் கடைசிவரை, "நாம் படிக்காதவர்கள், நமக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, தெரிந்துகொள்ளலாம். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டியதில்லை. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்த நிலையத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. கடை நடத்தவும் பதிவு உண்டு. "கம்பெனி பதிவு செய்யப்பட்டது" என்று காகிதத்தைக் காட்டினால் அதை அங்கீகாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: என் பிள்ளை சேரப்போகும் இந்தப் பயிற்சிக்கு, இந்தப் படிக்கு, அங்கீகாரம் இருக்கிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. பயிற்சி பயிற்சியாக, படி படியாகக் கிடைக்கிறது. வெல்டிங் இரண்டாம் படிக்கு அங்கீகாரம் பெற்ற நிலையம், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதற்கும் பெற்றிருக்கும் என்பதில்லை. கல்லூரியிலும் முதலில் கிடைப்பது தற்காலிக அங்கீகாரம். முழு அங்கீகாரம் பிறகுதான் வரும்.

மூன்றாம் கேள்வி: அந்த அங்கீகாரம் எதுவரை செல்லும்? தேதியைப் பார்க்க வேண்டும். பிள்ளை படித்து முடிக்குமுன் காலாவதி ஆகிறதா என்று கேட்க வேண்டும்.

நான்காம் கேள்வி: இதே செய்தியை நிலையத்தாரிடம் அல்லாமல் வேறு எங்கே சரிபார்க்கலாம்? எம்.கியூ.ஏ. அங்கீகரித்த பாடத்திட்டங்களின் பதிவேடு பொதுமக்கள் யாரும் பார்க்கக்கூடியது. ஜே.பி.கே. அங்கீகரித்த நிலையங்களின் பட்டியலும் அப்படியே. இணையத்தில் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போதும். தொழில்திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்க அரசாங்க நிதிக் கழகம் ஒன்றும் இருக்கிறது, பி.டி.பி.கே. என்பார்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கே அந்தக் கடன் கிடைக்கும். ஆகவே "கடன் வசதி எதன் வழி?" என்று கேட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

"இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சரி, நாங்கள் என்ன செய்வது?" என்று வேலையில் இருப்பவர்கள் கேட்கலாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. பயிற்சி நிலையத்துக்கே போகாமல், பல ஆண்டு வேலை அனுபவத்தைக் கொண்டு எஸ்.கே.எம். பெறும் முறை ஒன்று உண்டு; முன்பே பெற்ற திறனை அங்கீகரித்தல் என்பது அதன் பொருள். செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதங்கள், வேலைக் குறிப்புகள் இவற்றையெல்லாம் ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அதைத் தரவரைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வேலையைச் செய்து காட்டவும் சொல்லலாம். ஆனால் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நம்மில் மூத்தவர்கள் தயங்குகிறார்கள். வேலை தெரியும், எழுத வராது என்கிற நிலை. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்பை எழுத உதவினால், அது பெற்றோர்க்குச் செய்யும் பெரிய கடமையாகும். பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு வாயில் இருக்கிறது. 21 வயது நிறைந்து, தகுந்த வேலை அனுபவமும் இருந்தால், அதற்கான மதிப்பீட்டில் தேறி இளங்கலைப் படிப்பில் சேரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆயுள் முழுதும் போதும் என்ற காலம் போய்விட்டது. டாக்டர்களுக்கான சட்டம் 2012-இல் திருத்தப்பட்டு 2017-இல் அமுலுக்கு வந்தபின், ஆண்டுதோறும் தொழில் நடத்தும் அனுமதியைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டியதாயிற்று. தாதிமார்களுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஒயர்மேன், சார்ஜ்மேன் ஆக விரும்புகிற இளைஞர்கள் எரிசக்தி ஆணையம் அங்கீகரித்த நிலையத்தில் பயின்று தகுதிச் சான்று பெற வேண்டும். ஏன், நம் ஆயாக் கொட்டகையையே பாருங்கள். மரத்தடியில் தொட்டில் கட்டி முப்பது குழந்தைகளை ஒரே ஆயா பார்த்துக்கொண்ட காலம் நமக்குத் தெரியும். 1984-இல் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் வந்த பிறகு, நிலையம் பதிவு செய்யப்பட வேண்டும். பார்த்துக்கொள்பவரும் சமூகநல இலாகா ஏற்ற பயிற்சி பெற வேண்டும். அந்தப் பயிற்சியைப் பெற்றால், ஆயாவாக இருந்த ஒரு தாய் தானே சிறு நிலையம் ஒன்று நடத்தலாம்.

இந்த முறைகளில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சோதனைக்கு ஆயத்தம் செய்யவே பணமும் ஆளும் தேவைப்படுகின்றன. கோவில் மண்டபத்தில் இலவசமாகத் தையல் சொல்லிக் கொடுக்கும் ஒரு மாதர் பிரிவால் அதைச் செய்ய முடியாது. அதனால் அவர்கள் சொல்லிக் கொடுப்பது வீண் என்று ஆகிவிடாது. அங்கே தொழிலைக் கற்று, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மதிப்பீடு பெறலாம். காகிதம் மட்டும் இருந்து கை வராதவர்களும் உண்டு என்பதை நாம் அறிவோம். காகிதம் திறனுக்கு ஈடாகாது. ஆனால் திறன் உள்ளவன் கையில் காகிதமும் இருந்தால், அவனைக் குலை இறக்கப் போகச் சொல்ல யாராலும் முடியாது.

அந்தக் கொதிகலன் பெரியவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். தம் பேரனுக்குப் பயிற்சி நிலையம் தேடியபோது அவரே கூடப் போனார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கட்டணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டே போனாள். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, சர்ட்டிபிகேட் இருக்கிறதா?" என்றார். "பேரனுக்கா தாத்தா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இல்லையம்மா, உங்கள் நிலையத்துக்கு" என்றார் பெரியவர்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரட்டும்.